‘நாடோடிகள்’ என்னும் சொல்லும் விலாக் மக்களின் இருப்பிட வரலாறும்

பால்கன் தீபகற்பத்தின் மலைப்பகுதிகளில் இலத்தீன் வழிமொழிகளைப் பேசி வாழ்ந்துவரும் மக்கள் விலாக் என்னும் பொதுப்பெயரால் சுட்டப்படுகின்றனர். கிரேக்கம், அல்பேனியா, வட மாசிடோனியா, பல்கேரியா, செர்பியா, குரோவாசியா, ருமேனியா ஆகிய நாடுகளில் இவர்கள் சிதறிக் காணப்படுகின்றனர். இவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்தவற்றுள் இன்றளவும் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுவது, ஆலன் வேஸ், மாரிஸ் தாம்சன் ஆகிய இருவர் இணைந்தெழுதி 1914இல் இலண்டனில் வெளிவந்த ‘பால்கனின் நாடோடிகள்’ என்பதாகும். களப்பணியின் செறிவாலும் மொழித்தரவுகளின் நம்பகத்தன்மையாலும் இந்நூல் பெற்றுள்ள மதிப்பு தகுதியானதே. எனினும் நூலின் தலைப்பை அதன் உள்ளடக்கமே மறுக்கிறது என்பதும், தலைப்பில் உள்ள அச்சொல்லே பிற்கால ஆய்வுகளின் போக்கைப் பெரிதும் தீர்மானித்துவிட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

‘நாடோடி’ என்னும் சொல்லின் சுமை தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. நாட்டுப்புறப் பாடல்களை ஒரு தலைமுறை ‘நாடோடிப் பாடல்கள்’ என்றே வழங்கியது. பாடியவர் எவரும் நாடோடியல்லர். தம் வயலிலும் வாசலிலும் நின்று பாடியவர்கள். அப்பெயர் பின்னர் ‘நாட்டுப்புறம்’ என்றும் ‘நாட்டார் வழக்காறு’ என்றும் மாறியபோது, பெயரோடு ஆய்வின் கேள்விகளும் மாறின. விலாக் ஆய்வில் அத்தகைய மாற்றம் இன்னும் முழுமையாக நிகழவில்லை என்றே கூறவேண்டியுள்ளது.

பெயரும் பெயரிட்டோரும்

விலாக் என்பது இம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. செல்டிய இனக்குழு ஒன்றின் பெயரிலிருந்து பிறந்து, செருமானிய மொழிகளில் ‘அயலார்’, குறிப்பாக ‘உரோமானிய மொழி பேசுவோர்’ என்னும் பொருளைப் பெற்ற சொல், சிலாவிய மொழிகளின் வழியாகப் பால்கனுக்கு வந்தது. பிரிட்டனின் வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோன், போலந்து மொழியில் இத்தாலிக்கு வழங்கும் விவோகி ஆகியன அச்சொல்லின் உடன்பிறப்புகளே. தெற்கே வாழ்வோர் தம்மை ‘அர்மின்’ என்றும் ‘ரமின்’ என்றும் ஒலிக்கத்தக்க பெயர்களால் அழைத்துக்கொள்கின்றனர். இவை ‘உரோமானுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் திரிபுகள். ஆய்வாளர் இவர்களை அரோமானியர் என்பர். கிரேக்க, மாசிடோனிய எல்லையில் வாழும் மெக்லேனியர் மட்டும் பிறர் இட்ட பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டுள்ளனர். இஸ்திரியா தீபகற்பத்தில் ஷேயானே, சுஷ்ன்யேவித்சா போன்ற ஒருசில ஊர்களில் எஞ்சியுள்ள இஸ்திரோ ருமேனிய மொழி இக்குடும்பத்தின் மற்றொரு கிளை. செர்பியாவின் திமோக் பகுதியினரும் விலாக் எனப்படினும் அவர்கள் பேசுவது வடக்கத்திய ருமேனிய மொழியின் வட்டார வழக்கே.

இவ்வளவும் ஒரே பெயருள் அடங்குவதால் நேரும் இடர் சிறிதன்று. இடைக்காலச் செர்பிய ஆவணங்களில் ‘விலாக்’ என்பது மொழியைக் குறிக்கிறதா, ஆடு மேய்க்கும் தொழிலைக் குறிக்கிறதா, வரி செலுத்தும் ஒரு படிநிலையைக் குறிக்கிறதா என்பது இடத்திற்கு இடம் மாறுகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பாஞ்ஸ்கா மடாலயச் சாசனம் செர்பியர் விலாக்குகளிடம் பெண் கொள்வதைத் தடை செய்கிறது. தன் நிலத்தை உழும் குடியானவன் மேய்ச்சற்குடியின் உரிமைகளுக்குள் நழுவிவிடக் கூடாது என்னும் நிலவுடைமை அச்சமே இத்தடையின் பின்னணி என்று கொள்வது பொருந்தும். இனத்தூய்மை பற்றிய கவலையாக இதனைப் படிப்பது 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடியை 14ஆம் நூற்றாண்டிற்கு அணிவிப்பதாகும். ஒட்டோமானிய ஆட்சியில் இம்மயக்கம் மேலும் பெருகியது. மேய்ச்சற்குடிகளுக்கென வகுக்கப்பட்ட விலாக் சட்டத்தின்படி ஒரு வீட்டிற்கு ஒரு பொற்காசு என்னும் அளவில் வரி தண்டப்பட்டது. கணவாய்க் காவலும் எல்லைக் காவலும் இவர்கள் கடமையாயின. இச்சலுகைக்குள் வந்த பலர் சிலாவிய மொழி பேசியவர்கள். 1630இல் ஆப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் பெர்டினாந்து வெளியிட்ட ‘விலாக் சட்டங்கள்’ பெரும்பாலும் இத்தகையோர்க்கே உரிமை வழங்கின. செக் நாட்டின் கிழக்கே ‘வலாஷ்ஸ்கோ’ எனப்படும் பகுதியில் இன்று பேசப்படுவது செக் மொழியே. ஆயினும் கார்ப்பாத்திய மலைத்தொடர் வழியே வந்த ஆயர் சட்டமும் ஆயர் சொற்களும் அங்கே தங்கிவிட்டன. ஆகவே விலாக் இடப்பெயர்வு என்று நாம் கூறும்போது பெயர்ந்தவர் மக்களா, அன்றி ஒரு தொழிலும் அதற்குரிய சட்டப்பெயருமா என்னும் வினாவை ஒவ்வோர் இடத்திலும் புதிதாக எழுப்ப வேண்டியுள்ளது.

பழைய சான்றுகள் கூறுவது

விலாக்குகள் பெயர் சுட்டப்பெறும் முதல் நிகழ்ச்சி கி.பி. 976க்கு உரியது. பல்கேரிய மன்னன் சாமுவேலின் உடன்பிறந்தான் தாவீது, கஸ்தோரியாவிற்கும் பிரெஸ்பாவிற்கும் இடையே ‘அழகிய ஓக் மரங்கள்’ என்னும் பொருள்படும் இடத்தில் ‘வழிச்செல்லும் விலாக்குகளால்’ கொல்லப்பட்டான் எனப் பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கிலிட்சேஸ் வழி அறிகிறோம். இம்மக்கள் வரலாற்றேட்டினுள் நுழைவதே வழியில்தான். ‘வழிச்செல்லும்’ என்னும் அடைக்குச் சாத்துவணிகர் என்றும், வழிக்காவலர் என்றும் பொருள் கூறுவோர் உளர். இரண்டு பொருளிலும் இவர்கள் சாலைக்கு உரியவர்கள். சாலையில் அலைந்தவர்கள் என்பது அச்சொல்லிலிருந்து பெறப்படவில்லை.

11ஆம் நூற்றாண்டின் கெகவ்மெனோஸ் எழுதிய அறிவுரை நூல் இவ்வகையில் மிகுந்த முதன்மையுடையது. 1066இல் லாரிசா நகரில் வரிச்சுமையை எதிர்த்துக் கலகம் மூண்டது. தலைமையேற்க நெருக்கப்பட்ட நிகுலித்சாஸ் என்னும் பெருங்குடியினர் நூலாசிரியரின் உறவினர். கலகக்காரர் நகருக்குள்ளேயே ஒரு விலாக்கின் வீட்டில் கூடிப் பேசுகின்றனர். உங்கள் மந்தைகளும் மனைவியரும் இப்போது எங்கே என்று நிகுலித்சாஸ் வினவ, பல்கேரிய மலைகளில் என்று விடை வருகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குடும்பங்களும் கால்நடைகளும் உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் தங்குவது இவர்கள் வழக்கம் என்று ஆசிரியர் விளக்குகிறார். நகரில் வீடு, மலையில் கோடை இருக்கை, இரண்டிற்கும் இடையே மாதக் கணக்கோடு கூடிய ஒழுங்கான பெயர்ச்சி என்பன அனைத்தும் ஒரு பத்தியில் கிடைக்கின்றன. சமரினா மக்களிடம் ஏறத்தாழ 850 ஆண்டுகளுக்குப் பின் வேசும் தாம்சனும் கண்டதும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் இந்நூலிலிருந்து பிற்கால வரலாற்றறிஞர் பெரிதும் எடுத்தாண்டது இப்பத்தியையன்று, மற்றொன்றை. விலாக்குகள் தாசியர், பெஸ்ஸியர் ஆகியோரின் வழியினர், முன்னர் தன்யூபு, சாவா ஆறுகளின் அருகே வாழ்ந்தவர், உரோமரிடம் தோற்றுச் சிதறி எபிரஸ், மாசிடோனியா, கிரேக்கம் எங்கும் பரவினர் என்று கெகவ்மெனோஸ் எழுதுகிறார். இக்கூற்று நிற்கும் சூழலைக் கருதவேண்டும். விலாக்குகள் எவரிடத்தும் நம்பிக்கை காத்ததில்லை, அவர்களை நம்பாதே என்று தம் மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் இடத்தில், அதற்குச் சான்றாகவே இத்தோற்றக்கதை கூறப்படுகிறது. தாசியர் உரோமரை ஏய்த்தனர். அவர் வழியினரும் ஏய்ப்பர் என்பதே வாதம். பழிப்புரையின் ஒரு கூறாகப் பிறந்த கதையைப் பழிப்பினின்று பிரித்தெடுத்து இடப்பெயர்வுக்கான ஆவணமாக நிறுத்தியமை பின்னோர் செய்த பிழையாகும். வடக்கிலிருந்து தெற்கே வந்தனர் என்று நிறுவ விரும்பியோரும், அதனை மறுக்க விரும்பியோரும் இவ்வொரு பத்தியையே சுற்றிச்சுற்றி வந்துள்ளனர். வசைப்பாட்டிலிருந்து குலமுறை வரையும் இம்முறையைத் தமிழ் மன்னர் வரலாற்றில் நாம் ஏற்போமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

அன்னா கொம்னேனாவிடமும் இத்தகைய இரட்டைநிலை உண்டு. ஓரிடத்தில் விலாக் என்பதை நாடோடி வாழ்வினரைப் பொதுமக்கள் சுட்டும் பெயராக விளக்கும் அவரே, தெசலியைப் பற்றிக் கூறும் மற்றோரிடத்தில் எசேபான் என்பதனை விலாக் ஊர் என்கிறார். பொது வரையறை நாடோடி என்கிறது. குறிப்பிட்ட செய்தி ஊரைக் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற யூதப் பயணி துதேலாவின் பெஞ்சமின், இன்றைய லாமியாவிலிருந்து விலாக்கியா தொடங்குவதாகவும், மான்போல் விரைந்து மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைக் கொள்ளையிடுவோர் அம்மக்கள் என்றும் எழுதினார். அதே நூற்றாண்டிலிருந்து தெசலியின் ஒரு பகுதிக்கு ‘பெரிய விலாக்கியா’ என்னும் பெயர் வழங்கியமையை நிகேதாஸ் கோனியாதேஸ் குறிக்கிறார். நிலமே இல்லாத நாடோடிகளின் பெயரால் ஒரு நாடு எவ்வாறு அழைக்கப்பட்டது என்னும் கேள்வி எழுப்பப்படவில்லை.

சமரினாவின் இரு இருப்பிடங்கள்

வேசும் தாம்சனும் தொல்லியலாளர்கள். தெசலியின் வரலாற்றுக்கு முந்தைய மேடுகளை ஆராய வந்தவர்கள், அங்குக் குளிர்காலத்தில் தங்கியிருந்த விலாக் குடும்பங்களோடு பழகி, 1910இல் தீர்னவோஸ் நகரிலிருந்து பிந்துஸ் மலையிலுள்ள சமரினாவிற்கு அவர்களோடு பயணம் செய்தனர். நூலின் மிகச் சிறந்த பகுதி இப்பயணமே. கோவேறு கழுதைகளின் வரிசை, பொதிகளின் மேல் அமர்த்தப்பட்ட குழந்தைகள், இரவுத் தங்கல்கள், பாலங்களின் அருகே மந்தைகள் நெருக்குண்டு நிற்கும் காலநேரம் ஆகியவற்றை இவர்கள் பொறுமையோடு பதிவு செய்துள்ளனர். அலங்காரம் சிறிதுமில்லாத இந்நடை, முன்னர் எழுதிய பயணிகளின் கற்பனைப் புனைவுகளிலிருந்து இந்நூலைப் பிரித்து நிறுத்துகிறது. 1894-95இல் வெளிவந்த குஸ்தாவ் வைகந்தின் செருமானிய நூலுக்கு இவர்கள் கடன்பட்டிருப்பினும், ஓர் ஊரில் தங்கி அவ்வூரை முழுமையாகக் காணும் முறை இவர்களுடையது.

இனி அவர்கள் கண்ட ஊரை நோக்குவோம். ஸ்மோலிகாஸ் மலைச்சரிவில் கற்களால் கட்டப்பட்ட வீடுகள். ஓவியங்கள் நிறைந்த மரியன்னை பெரிய தேவாலயம், அதன் பின்புறக் கூரைமேல் முளைத்து வளர்ந்த ஒரு பைன் மரம். கடைத்தெரு, பள்ளி, ஊர்ப்பொறுப்பாளர். அனைவரும் ஆயர் அல்லர். சாத்துக்காரர், கம்பளி வணிகர், தையற்காரர், தச்சர், பாலாடைக்கட்டி செய்வோர் எனத் தொழில்கள் பலவாக இருந்தன. தறி வேலை முழுவதும் பெண்கள் கையில் இருந்தது. புனித ஜார்ஜ் திருநாளை ஒட்டி மலையேறி, புனித தெமேத்திரியுஸ் திருநாளை ஒட்டி இறங்குவது ஆண்டு நியதி. குளிர்காலத்தில் ஊரில் காவலுக்கெனச் சிலரே எஞ்சுவர். ஆண்டில் ஏறத்தாழப் பாதியைச் சமவெளியில் கழிப்பினும், ‘எம் ஊர்’ என்று அவர்கள் சுட்டியது மலைமேல் இருந்ததையே.

இது நாடோடி வாழ்வன்று. இரண்டு நிலையான இருப்பிடங்களுக்கு இடையே ஊரே பெயரும் வாழ்வு. இதனைத் தமிழில் ‘பருவப் பெயர்ச்சி’ எனலாம். மேய்ச்சற்குடிகளைக் கண்டதும் முல்லைத்திணையை நினைவுகூரும் நம் வழக்கம் இங்குப் பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முல்லையில் ஒருவர் பிரிந்து செல்ல மற்றவர் இல்லிருந்து காத்திருப்பர். இங்கோ எவரும் காத்திருப்பதில்லை. மணமகளும் தொட்டிற்பிள்ளையும் தறியும் சமையற் கலமும் ஒன்றாகவே கழுதைமேல் ஏறுகின்றன.

நூலாசிரியர் இருவரும் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். விலாக்குகளில் வேளாண்குடிகளும் நகர வணிகரும் உண்டென்று அவர்களே எழுதியுள்ளனர். எனினும் தலைப்புக்கு அவர்கள் தேர்ந்தது ‘நாடோடிகள்’ என்பதையே. ஆங்கில வாசகரை ஈர்க்கும் பதிப்பு நோக்கமே இதன் காரணம் என்று எளிதாக ஒதுக்கிவிட இயலவில்லை. குளிர்கால இருக்கையைப் பற்றி இந்நூல் ஒப்பீட்டளவில் குறைவாகவே பேசுகிறது. சமரினாவின் திருமணச் சடங்குகளுக்குக் கிடைத்த இடம், தீர்னவோசில் அதே குடும்பங்கள் யாரிடம் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தன, கிரேக்க அண்டை வீட்டாரோடு எவ்வாறு வாழ்ந்தன என்பவற்றுக்குக் கிடைக்கவில்லை. மலையில் மட்டுமே விலாக் ‘தூய விலாக்’ ஆகக் காட்சியளிக்கிறார்; சமவெளிக்கு இறங்கியதும் மங்கிவிடுகிறார். இந்தப் பார்வைக் குறைபாடே தலைப்பாகவும் வெளிப்பட்டது என்பது என் கருத்து.

மொஸ்கொபோல்

தென்கிழக்கு அல்பேனியாவிலுள்ள மொஸ்கொபோல் நகரின் வரலாறு ‘நாடோடி’ என்னும் சட்டகத்திற்குள் சற்றும் அடங்காதது. 18ஆம் நூற்றாண்டில் அச்சகமும், 1744 முதல் ‘புதிய கழகம்’ என்னும் உயர்கல்வி நிலையமும் கொண்டு விளங்கிய இந்நகர் வெனிஸ் வரை வணிகத் தொடர்பு உடையது. இதன் மக்கள்தொகை பற்றிக் கூறப்படும் பேரெண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்பது தெளிவு. அவற்றை இங்கு எடுத்தாளவில்லை. 1769இலும் 1788இலும் நிகழ்ந்த சூறைகளால் நகர் அழிந்தது. மக்கள் பித்தோலா, குருஷேவோ, தெசலோனிக்கி என அருகிலும், செமுன், புடாபெஸ்ட், மிஷ்கோல்த்ஸ், வியன்னா எனத் தொலைவிலும் குடியேறினர். புடாபெஸ்டின் சங்கிலிப் பாலத்திற்குப் பொருளுதவி புரிந்த வங்கியாளர் ஜார்ஜ் சீனா மொஸ்கொபோல் வழிவந்த குடும்பத்தினர்.

இச்சிதறல் பருவப் பெயர்ச்சியிலிருந்து முற்றிலும் வேறானது. திரும்புதல் இல்லாதது, மந்தையின்றி மூலதனத்தோடும் நூல்களோடும் சென்றது. நம் துறைகளில் ‘புலம்பெயர்வு’ என்னும் ஒரு சொல்லே எல்லா நகர்வுகளுக்கும் இன்று பயன்படுகிறது. சமரினாக் குடும்பத்தின் ஆண்டுப் பயணத்தையும் மொஸ்கொபோல் வணிகரின் மீளாப் பெயர்வையும் அவ்வொரு சொல்லால் சுட்டினால் இரண்டில் ஒன்றைத் தவறாகவே புரிந்துகொள்வோம்.

மொழிவரலாற்றில் மொஸ்கொபோல் விட்டுச்சென்ற முரண் ஒன்று உண்டு. தெயோதோர் கவல்லியோதிஸ் 1770இல் வெனிசில் வெளியிட்ட நூலில் கிரேக்க, அரோமானிய, அல்பேனியச் சொற்பட்டியல் இடம்பெற்றது. அடுத்து, மொஸ்கொபோலின் தானியேல் அவற்றோடு பல்கேரியத்தையும் சேர்த்து நான்மொழி அகராதி தொகுத்தார். 1802ஆம் ஆண்டுப் பதிப்பு கிடைக்கிறது. அதன் செய்யுள் முன்னுரை அல்பேனியரும் விலாக்குகளும் பல்கேரியரும் தம் மொழியைக் கைவிட்டுக் கிரேக்கம் கற்றுக் கிரேக்கராகுமாறு அழைக்கிறது. அரோமானிய மொழியை அச்சில் காத்தளித்தவர்களுள் ஒருவர் அம்மொழி ஒழிய விரும்பியவர். இந்நூலைத் தேசியவாதிகள் தம் முன்னோடி ஆவணமாகக் கொண்டாடும்போது முன்னுரையைத் தவிர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

எல்லைகளும் குடியேற்றங்களும்

மேய்ச்சல் வாழ்வைச் சிதைத்தது எல்லைக்கோடு. 1881இல் தெசலி கிரேக்கத்தோடு இணைக்கப்பட்டதும் சமரினா மக்களின் குளிர்கால இருக்கை ஒரு நாட்டிலும், கோடை ஊர் ஒட்டோமானியப் பேரரசிலும் அமைந்தன. வேசும் தாம்சனும் உடன் சென்ற பயணமே ஒரு நாட்டெல்லையைக் கடந்ததுதான். 1864 முதல் ருமேனிய அரசின் ஆதரவில் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கிரேக்கப் பள்ளிகள் அவற்றுக்கு எதிராக நின்றன. ஒரே ஊரில், ஏன், ஒரே குடும்பத்தில், இரு தேசங்கள் உருவாயின. 1905 மே மாதம் சுல்தான் விலாக்குகளைத் தனிச் சமூகமாக ஏற்று ஆணையிட்டார். சில ஆண்டுகளில் பால்கன் போர்கள் மூண்டு, அவ்வாணை நடைமுறையிலிருந்த நிலப்பரப்பே பல நாடுகளாகப் பங்கிடப்பட்டது.

1923இன் கிரேக்க, துருக்கிய மக்கள் பரிமாற்றம் இருவகையில் விலாக்குகளைத் தாக்கியது. மெக்லேனியருள் நோத்தியா ஊரினர் இசுலாமியர். மொழி எதுவாயினும் சமயமே அளவுகோலாக இருந்தமையால் அவர்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். மறுபுறம், ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகளுக்கு மாசிடோனியச் சமவெளி நிலங்கள் பிரித்தளிக்கப்பட்டபோது விலாக்குகளின் குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் உழுநிலங்களாயின. அகதிகளின் தேவை உண்மையானது. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்நிலத்தில் அரையாண்டு வாழ்ந்தவர்களின் உரிமை பொருட்படுத்தப்படாமைக்கு அவர்கள் ‘நாடோடிகள்’ என்னும் பொதுக்கருத்தும் துணைநின்றது எனலாம். வந்துபோவோர்க்கு நிலம் எதற்கு என்று கேட்பது எளிது. ஒரு நூலின் தலைப்பு நிலத்தைப் பறித்தது என்று கூறுவது மிகையாகும்; பறிப்பை இயல்பாகக் காட்டிய சொல்லாட்சிக்குள் அத்தலைப்பும் அடங்கும் என்று கூறுவது மிகையன்று.

1925 முதல் பல அரோமானியக் குடும்பங்கள் ருமேனியாவுக்குப் பெயர்ந்து, அந்நாட்டின் வசமிருந்த தெற்கு தோப்ருஜாவில் குடியேற்றப்பட்டன. மலையாயர் கருங்கடல் அருகே சமவெளி உழவராயினர். 1940இல் கிராயோவா உடன்படிக்கையின்படி அப்பகுதி பல்கேரியாவுக்குச் சென்றதும் பதினைந்து ஆண்டுகளில் கட்டிய வீடுகளை விட்டு வடக்கு தோப்ருஜாவுக்கு நகர்ந்தனர். மெக்லேனியர் துல்சியா மாவட்டத்தின் செர்னா ஊரில் தங்கினர். விலாக் வரலாற்றில் நிலையான இருப்பிடம் இன்றி அலைந்த காலம் என ஒன்றைச் சுட்டவேண்டுமாயின் அது இதுவே. அவ்வலைச்சலை விளைவித்தவை தேசிய அரசுகள், ஆட்டுமந்தைகள் அல்ல.

தோற்றம் பற்றிய வழக்கு இக்காலத்திலும் ஓயவில்லை. ருமேனியத் தரப்பு இம்மக்களை ருமேனிய இனத்தின் தென்கிளை என்றது. கிரேக்கத் தரப்பில் கெராமோபுலோஸ் 1939இல் இவர்கள் உரோமப் படைப்பணியால் இலத்தீன் பேசத் தொடங்கிய கிரேக்கரே என்று வாதிட்டார். ருமேனிய மொழிக்கும் அரோமானியத்திற்கும் பொதுவான ஒலிமாற்றங்களும், அல்பேனிய மொழியோடு இவை பகிரும் ‘வத்ரா’ (அடுப்பங்கரை), ‘புசா’ (உதடு) போன்ற அடிப்படைச் சொற்களும் ஒரு பொதுத் தொட்டிலை உணர்த்துகின்றன என்பதே மொழியியலார் பலரின் முடிவு. அத்தொட்டில் தன்யூபின் எக்கரையில் இருந்தது என்று சொற்கள் கூறமாட்டா. 1987இல் வெளிவந்த வினிஃப்ரித்தின் வரலாற்று நூல் இருதரப்பின் மிகைகளையும் நிதானத்தோடு களைந்தது. எனினும் அதுவும் தோற்ற வினாவையே மையமாகக் கொண்டமையால் இருப்பிட வரலாறு பின்தள்ளப்பட்டது.

கணக்கெடுப்புகள் தரும் எண்களை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மாசிடோனியாவில் 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 9,695 பேர் தம்மை விலாக் என்று பதிவு செய்தனர். செர்பியாவில் 2011இல் 35,330 பேர். இவ்விரு எண்களையும் கூட்டுவது பிழை. மேலே குறித்தபடி மொழியே வேறு. கிரேக்கத்தில் இத்தகைய பதிவே இல்லை. ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை 1997இல் அரோமானிய மொழி, பண்பாடு குறித்து நிறைவேற்றிய 1333ஆம் பரிந்துரையையும், அல்பேனியா 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர்களைச் சிறுபான்மையினராக ஏற்றதையும் மொழியுரிமையின் பகுதியாகவே நாம் படிக்கிறோம். இருப்பிட உரிமை அவற்றுள் பேசப்படவில்லை.

சமரினாவின் மந்தைகள் பிற்காலத்தில் சரக்குந்துகளில் ஏறின. கழுதைச் சாத்துகள் மறைந்தன. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 15 மரியன்னை திருநாளுக்கு லாரிசாவிலிருந்தும் தீர்னவோசிலிருந்தும் கிரெவேனாவிலிருந்தும் குடும்பங்கள் மேலேறி வருகின்றன. தேவாலய முற்றத்தில் கைகோத்து வட்டமாக ஆடுகின்றன. குளிர் தொடங்கும் முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குகின்றன.